இரண்டாம் வகுப்புப் பற்கள்

இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களுக்குத் தெரியும், அந்த வருடம் முழுக்கப் பல் விழும் வருடம். ஜூன் மாதம் முன்வாயில் ஓட்டையோடு வந்து உட்காரும் பிள்ளைகள், அரையாண்டு விடுமுறை முடிந்து திரும்பும்போது முகமே மாறி வருவார்கள். சின்ன வாயில் பெரிய பல் இரண்டு. புதுப் பல்லின் விளிம்பில் மூன்று சிறு மேடுகள் இருக்கும். கடித்துக் கடித்து அவை தேய்ந்து நேராகிவிடும். பக்கத்தில் இருக்கும் பால் பற்களோடு ஒப்பிட்டால் புதுப் பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். அதன் இயல்பான நிறமே அதுதான். இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பல்லின் நடுவிலோ நுனியிலோ சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு திட்டு இருந்தால்தான் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு அம்மாக்கள் வகுப்பு வாசலுக்கு வருகிறார்கள்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. பல் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பல்லைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் முதலில் டீச்சரிடம்தான் கேட்பார்கள், அதனால் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும். கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "பால் பல்லு நல்லா வெள்ளையாத்தான் இருந்துச்சு டீச்சர். புதுசா மொளைச்சது மட்டும் ஏன் இப்பிடி? பாப்பாவுக்குக் கால்சியம் கம்மியா?"

அதோடு சேர்ந்து ஒரு குற்றச்சாட்டும் வரும். "ஒழுங்காப் பல்லு வெளக்குனாத்தான?" பக்கத்தில் நிற்கிற பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்ளும். எனக்கு இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியதே அந்த மூடிய வாயைப் பார்த்துத்தான். அந்தத் திட்டுக்கும் நேற்று பல் துலக்கியதற்கும் சம்பந்தமே கிடையாது, பெரும்பாலான பிள்ளைகள் விஷயத்தில். ஏழு வயதில் கண்ணாடியில் தெரிகிற அந்த வெள்ளை, பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலோ நடை பழகிய காலத்திலோ ஈறுக்குள்ளேயே உருவானது. வெளியே தெரியத்தான் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

மேல் முன்பல் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதத்திலேயே அந்த நிரந்தரப் பல்லின் எனாமல், அதாவது பல்லை மூடியிருக்கும் கடினமான மேலடுக்கு, தாடை எலும்புக்குள் படிய ஆரம்பித்துவிடும். முதலில் உருவாவது கடிக்கும் விளிம்பு. அங்கிருந்து அடுக்கடுக்காக ஈறு பக்கம் நோக்கி வளர்ந்து, நான்கைந்து வயதில் பல்லின் தலைப்பகுதி முழுசாக முடியும். அப்புறம் வேர் வளர்ந்து, ஏழு எட்டு வயதில் பல் வெளியே வரும். அதற்குள் எனாமலைச் செய்த செல்கள் வேலையை முடித்துவிட்டு அழிந்துபோயிருக்கும். உடம்பில் வெட்டுப்பட்ட தோல் மீண்டும் வளரும், ஒடிந்த எலும்பு கூடும். வெளியே வந்த பல்லின் எனாமலை மட்டும் உடம்பால் திரும்பச் செய்ய முடியாது. அதனால்தான் இப்போது கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் திட்டு போகுமா என்று கேட்பவர்களிடம் போகாது என்று சொல்லிவிடுகிறேன். பாலும் கேழ்வரகும் முட்டையும் பிள்ளைக்கு நல்லதுதான், கொடுங்கள். ஆனால் அந்த எனாமல் எப்போதோ கட்டி முடிக்கப்பட்டுவிட்டது.

பால் பல் ஏன் தப்பித்தது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பால் பற்களின் எனாமலில் பெரும்பகுதி குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே உருவாகிவிடும், மீதி முதல் வருடத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் ஊர்களில் இந்தத் திட்டுக்குப் பல நேரம் குடிக்கிற தண்ணீர்தான் காரணம், அதைப் பின்னால் சொல்கிறேன். குழந்தை அந்தத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கிய காலம் நிரந்தரப் பல்லில்தான் பதியும்.

திட்டு ஏன் வெள்ளையாகத் தெரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் தேய்க்கிற கை நின்றுவிடும். நல்ல எனாமலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தாது உப்புதான், நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். உருவாகும் நேரத்தில் ஏதாவது இடைஞ்சல் வந்தால் அந்த இடத்தில் தாது உப்பு குறைந்து, மேற்பரப்புக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நின்றுவிடும். ஒளி அதற்குள் புகுந்து சிதறும், வெள்ளையாகத் தெரியும். நனைந்த வெள்ளை வேட்டி உடம்போடு ஒட்டி உள்ளே தெரியும், காய்ந்தால் மறுபடி வெள்ளையாகிவிடும் இல்லையா, அதே கணக்குதான் இங்கேயும். நூலிழைகளுக்கு இடையில் காற்று இருந்தால் வெள்ளை, தண்ணீர் புகுந்தால் மங்கல். வாயைத் திறந்து தூங்கும் பிள்ளைக்குக் காலையில் திட்டு பெரிதாகத் தெரியும். வாய் கொப்பளித்துவிட்டு வந்து பார்த்தால் சின்னதாகிவிட்டிருக்கும். எங்கள் பள்ளிக்கு முகாம் வந்த பல் மருத்துவர் ஒரு பெண் குழந்தையின் பல்லைப் பஞ்சால் ஒற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒன்றுமே இல்லாதது போலிருந்த பல்லில் குறுக்கே மெல்லிய வெள்ளை வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாக்கால் ஒரு தடவு தடவியதும் வரிகள் அப்படியே அமுங்கிப்போயின.

ஆக, அழுக்கு வெளியில் இல்லை. அடுப்புக் கரி, உப்பு, செங்கல் பொடி, ஆப்ப சோடா, எலுமிச்சைச் சாறு என்று வீட்டில் இருப்பதையெல்லாம் போட்டுத் தேய்த்தால் தேய்வது நல்ல எனாமல். எலுமிச்சை அமிலம் எனாமலைக் கரைக்கவே செய்யும். ஒரு வாரம் பளிச்சென்று இருப்பதாகத் தோன்றும், அப்புறம் கூச்சம் ஆரம்பிக்கும். இதைச் செய்யாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

எல்லா வெள்ளைத் திட்டும் ஒன்றில்லை. பார்த்துப் பழகினால் வித்தியாசம் ஓரளவு பிடிபடும். முடிவு செய்ய வேண்டியவர் பல் மருத்துவர்தான், ஆனால் அவரிடம் எவ்வளவு அவசரமாகப் போக வேண்டும் என்பதைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் ஊர்களில் அதிகம் பார்ப்பது ஃப்ளோரோசிஸ். ஈறுக்குள் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் வருடங்களில் உடம்புக்குள் ஃப்ளோரைடு என்ற தாது உப்பு அதிகமாகப் போனதால் வருவது. இது வலது இடது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பல்லின் குறுக்கே மெல்லிய வரிகளாக, அல்லது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத வெளுப்பாக இருக்கும். அதிகமானால் பல் முழுக்க வெளுத்து, வெளியே வந்த பிறகு அந்தத் துளைகளில் நிறம் ஏறிக் காவியாகும், சில இடங்களில் குழி விழும். ஒரே ஒரு பல்லில் மட்டும் திட்டு என்றால் கதை வேறு. அந்த இடத்துப் பால் பல் சொத்தையாகிச் சீழ் வைத்திருந்ததா, குழந்தை விழுந்து பால் பல் உள்ளே குத்தியிருந்ததா என்று கேட்டால் பெரும்பாலும் "ஆமாங்க, திண்ணையில இருந்து உழுந்தான்" என்று பதில் வரும். இன்னொன்று, ஈறை ஒட்டிப் பிறை வடிவத்தில், பளபளப்பே இல்லாமல் வெளுத்து, மேலே மாவு போல் அழுக்குப் படிந்திருந்தால் அது சொத்தையின் முதல் கட்டம். இது ஒன்றுதான் பல் துலக்குவதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நல்ல செய்தி, இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் ஓட்டை விழாமல் தடுக்கலாம். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டும், மருத்துவர் பூசிவிடும் வார்னிஷும், இனிப்பைக் குறைப்பதும் போதும்.

இவை எல்லாவற்றையும் விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது எம்.ஐ.ஹெச். என்று சொல்லப்படுவது. கடைவாய்ப் பல்லிலும் முன்பல்லிலும் எனாமல் சரியாக இறுகாமல் போகும் குறைபாடு. இந்தப் பெயரே 2001-இல்தான் வைத்தார்கள். உலக அளவில் நூறு பிள்ளைகளில் பத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது என்கிறார்கள், ஆனால் எங்கள் ஊரில் யாரும் இதைக் கேள்விப்பட்டதில்லை. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மேல் முன்பல் ஒன்றில் மட்டும் கட்டம் கட்டியது போல் ஓரம் தெளிவாகத் தெரியும் மஞ்சள் கலந்த வெள்ளைத் திட்டு. மத்தியானம் சத்துணவு சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மெல்லுவான். குழாயடியில் தண்ணீர் குடிக்கும்போது தலையைச் சாய்த்துக்கொள்வான். பல் துலக்கச் சொன்னால் வீட்டில் அழுகையாம், அதற்கு அடியும் விழுந்திருக்கிறது. முகாமில் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே கண்ணாடியை விட்டுப் பார்த்தார். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பற்களில் இரண்டு, மஞ்சளாகி ஓரம் உதிர்ந்து கிடந்தன. "இவனுக்குக் காத்துப் பட்டாலே கூசும்மா. துலக்காம இருக்கிறது சோம்பேறித்தனம் இல்ல, வலி" என்றார்.

பையனுடைய அம்மா அந்தக் கடைவாய்ப் பல்லைப் பால் பல் என்றே நினைத்திருந்தார். தப்பே சொல்ல முடியாது. ஆறு வயதுக் கடைவாய்ப் பல் முளைக்க எந்தப் பல்லும் விழுவதில்லை. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்பல் விழுந்ததைத் திருவிழாவாகக் கொண்டாடுகிற வீட்டில்கூட இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்.

எம்.ஐ.ஹெச். ஏன் வருகிறது என்பதற்கு இன்னதுதான் என்று ஒரே காரணம் கிடையாது. முதல் மூன்று வயதுக்குள் வந்த கடும் காய்ச்சல், நெஞ்சுச் சளி, பிறப்பின்போது ஏற்பட்ட சிக்கல்கள் என்று பலவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆனால் செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. முன்பல்லில் ஓரம் தெளிவான திட்டு தெரிந்தால் உடனே பின்னால் இருக்கும் நான்கு கடைவாய்ப் பற்களையும் பார்க்க வேண்டும். உதிர்வதற்கு முன்னால் பூச்சோ, அடைப்போ, ஸ்டீல் கேப்போ போட்டால் பல் பிழைக்கும். அந்தப் பையனுக்கு இரண்டு கேப் போட்டார்கள். இப்போது இரண்டு பக்கமும் மெல்லுகிறான்.

சரி, எங்கள் தண்ணீருக்கு வருகிறேன்.

என் முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே காவி நிறத்தில் ஒரு பட்டை இருக்கிறது. என் அண்ணனுக்கு அது கிடையாது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே வேப்பங்குச்சி. "உனக்கு மட்டும் ஏன்டி இப்பிடி" என்று அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அண்ணன் குழந்தையாக இருந்தபோது ஊரில் எல்லோரும் பொதுக் கிணற்றில் சேந்திக் குடித்தார்கள். நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் தெருமுனையில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டுக் கைப்பம்பு வைத்தார்கள். 1980-களில் ஊர் ஊராக வந்த இந்தியா மார்க் 2 பம்பு. அதை வைத்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. திறந்த கிணற்றுத் தண்ணீரால் காலராவும் வயிற்றுப்போக்கும் நரம்புச் சிலந்தியும் வந்துகொண்டிருந்த காலம், மூடிய பம்பு பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆழத்திலிருந்து வருகிற தண்ணீர் எந்தப் பாறையைத் தொட்டுவிட்டு வருகிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் நைஸ், சார்னோக்கைட் என்னும் பழங்காலக் கடும்பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் இருக்கும் அப்படைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களில் ஃப்ளோரைடு உண்டு. பாறைப் பிளவுகளில் வருடக்கணக்கில் தங்கும் தண்ணீர், அதிலும் கால்சியம் குறைவாகவும் காரத்தன்மை அதிகமாகவும் இருக்கிற தண்ணீர், அதைக் கரைத்துக்கொள்ளும். நிலத்தடி நீர் இறங்க இறங்க நாமும் இன்னும் ஆழத்துக்குத் துளை போடுகிறோம். இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு வரை சரி; வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துப் போர்களில் பல இதைத் தாண்டியவை. ஃப்ளோரைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, உப்புக் கரிக்காது. தண்ணீர் தித்திப்பாகக்கூட இருக்கும்.

தண்ணீர் மாறினால் பல் மாறும் என்பதை உலகம் கண்டுபிடித்ததே இப்படிப்பட்ட ஊர்களில்தான். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901-இல் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் இருந்த காவியைப் பார்த்துவிட்டு முப்பது வருடம் அதன் பின்னாலேயே அலைந்தார். ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற ஊரில், தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகு பிள்ளைகளுக்குக் கறை வர ஆரம்பித்ததாகத் தாய்மார்கள் சொன்னார்கள். மெக்கே அந்தக் குழாயை விட்டுவிடச் சொன்னார். 1925-இல் வேறு ஊற்றுக்கு மாறினார்கள், அதற்குப் பின் வளர்ந்த பிள்ளைகளுக்கு நல்ல பல் முளைத்தது. தாய்மார்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட மருத்துவர் அவர் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும். 1931-இல் பாக்ஸைட் என்ற ஊரின் தண்ணீரைச் சோதித்த அலுமினிய நிறுவன வேதியியலாளர் சர்ச்சில், காரணம் ஃப்ளோரைடு என்று கண்டுபிடித்தார்.

அதற்குப் பின் சில வருடங்களிலேயே, 1937-இல், நம்முடைய அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஃப்ளோரோசிஸ் இருப்பதைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர் ஷார்ட்டும் உடன் இருந்தவர்களும் எழுதி வெளியிட்டார்கள். அங்கே விவசாயிகளுக்கு முதலில் கண்ணில் பட்டது உழவு மாடுகள்தான். மூட்டு இறுகி ஏரில் நடக்க முடியாமல் நின்ற மாடுகள். மாட்டுக்கு வந்த அதே இறுக்கம் மனிதர்களுக்கும் வந்தது. பல்லில் தெரிவது ஆரம்பம் மட்டுமே; அதே தண்ணீரை இருபது முப்பது வருடம் குடித்தால் எலும்பு பாதிக்கப்படும், முதுகு வளையும், கால் கோணும். எங்கள் ஊரில் குனிந்தபடியே நடக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு வேறு தண்ணீர் வர நாளாயிற்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்பு குறைப்புத் திட்டம், பெயரிலேயே நோயின் பெயர் இருக்கும் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு 2008-இல் தொடங்கி, சுமார் 1,928 கோடி ரூபாயில் முடிந்து, 2013-இல் தண்ணீர் விட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் நகரங்களுக்கும் இரண்டு மாவட்டத்துக் கிராமங்களுக்கும் காவிரித் தண்ணீர். அந்த வருடம் பிறந்த குழந்தைகளின் முன்பல்லைப் பார்க்க நான் காத்திருந்தேன். அவர்களுக்குப் பல் விழுந்து முளைத்த நேரத்தில் கொரோனா வந்து பள்ளியை மூடிவிட்டது. 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது முகக்கவசத்தோடு வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் பல்லைப் பார்த்தேன். அக்காவுக்குக் காவிப் பட்டை, தம்பிக்கு வெறும் பல். இப்படி ஒன்றல்ல, பல வீடுகளில். என் அண்ணனுக்கும் எனக்கும் நடந்தது இங்கே தலைகீழாக நடந்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் எல்லாத் தெருவிலும் அப்படி இல்லை. சில குடியிருப்புகளிலிருந்து வரும் சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் வெள்ளை வரிகள் இருக்கின்றன. விசாரித்தால் விஷயம் மேல்நிலைத் தொட்டியில் இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீர் போதாத நாட்களில் அதே தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். குழாயைத் திறக்கும் அம்மாவுக்கு எது எந்தத் தண்ணீர் என்று தெரியாது. எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் இதைக் கேட்டதற்கு, "தண்ணி வருதே, அது போதாதா" என்ற பதில்தான் கிடைத்தது.

போதாது. சோதித்துப் பார்ப்பது பெரிய வேலையும் இல்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. என் பள்ளிக்குப் பக்கத்தில் அப்படிப் பயிற்சி எடுத்த ஓர் அக்கா, நான் கேட்டதும் பெட்டியோடு வந்தார். கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர் பிடித்து, சிறு புட்டியிலிருந்து சிவப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பள்ளித் தொட்டித் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நின்றது. தெருமுனைக் கைப்பம்புத் தண்ணீரில் அதே மருந்து விட்டதும் சிவப்பு வெளிறி, ஆரஞ்சாகி, மஞ்சளுக்குப் போனது. நிற அட்டையை ஒட்டி வைத்துப் பார்த்தார். 1.5 கட்டத்தைத் தாண்டிவிட்டது. சுற்றி நின்ற நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி, "அக்கா, எங்க வீட்டுத் தண்ணியும் கொண்டாரட்டா?" என்று ஓடினாள். அந்த அக்கா அன்று சாயந்திரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார், பிள்ளைகள் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பெட்டி தோராயமாகத்தான் காட்டும். சந்தேகமானதைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரியான அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

பெரியவர்களுக்கு எந்தத் தண்ணீர் கிடைத்தாலும், மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு எந்தத் தண்ணீர் போகிறது என்பதில் வீட்டில் எல்லோரும் கண்ணாக இருக்க வேண்டும். மேல் முன்பற்களுக்கு ஆபத்தான காலம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வயதையொட்டிய மாதங்கள். தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிக மிகக் குறைவு, அம்மா குடிப்பது போர் தண்ணீராகவே இருந்தாலும்கூட. இது இயற்கை கொடுத்த பெரிய பாதுகாப்பு. சிக்கல் தொடங்குவது ஆறு மாதத்துக்குப் பிறகு, கூழும் கஞ்சியும் கொடுக்கும்போது. எங்கள் பக்கத்தில் கேழ்வரகுக் கூழை வெகுநேரம் கொதிக்க வைத்துக் காய்ச்சுவோம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும். "காய்ச்சின தண்ணிதான் டீச்சர் குடுக்கறேன்" என்று நல்ல மனதோடு சொல்லும் அம்மாக்களிடம் இதைச் சொல்லும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். கிருமிக்குக் காய்ச்சுவது சரி, ஃப்ளோரைடுக்குப் பயன்படாது. கேண்டில் ஃபில்டரும் இதை எடுக்காது. ஆர்.ஓ. இயந்திரம் எடுக்கும். குழந்தையின் கஞ்சிக்கும் பாலுக்கும் மட்டுமாவது ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் தனியாகப் பிடித்து வையுங்கள். அப்புறம் டீ. தேயிலையில் இயல்பாகவே ஃப்ளோரைடு உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்குக் கடும் டீயில் பன்னை நனைத்து ஊட்டும் பழக்கம் எங்கள் ஊரில் நிறைய. அதை விட்டுவிட வேண்டும். கால்சியம் விஷயத்தில் அம்மாக்கள் நினைப்பதில் ஓர் உண்மை இருப்பதும் இங்கேதான். பல் முளைத்த பிறகு பயன் இல்லை என்றாலும், அந்தச் சின்ன வயதில் பாலும் தயிரும் சேர்ந்தால் குடலுக்குள் போகும் ஃப்ளோரைடில் ஒரு பங்கைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர்வது குறையும்.

பேஸ்ட்டைப் பற்றி இரண்டு பக்கத்திலிருந்தும் தப்பாகப் பேசுகிறார்கள். ஃப்ளோரைடு என்றாலே விஷம் என்று பேஸ்ட்டையே நிறுத்தச் சொல்வது ஒரு பக்கம். விளம்பரத்தில் வருவது போல் பிரஷ் முழுக்கப் பிதுக்கிக் கொடுப்பது இன்னொரு பக்கம். பல்லின் மேலே படும் ஃப்ளோரைடு சொத்தையைத் தடுக்கிறது. விழுங்கப்படும் ஃப்ளோரைடுதான் ஈறுக்குள் இருக்கும் பல்லைப் பாதிக்கிறது. மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு, பெரியவர் யாராவது பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும். போர் தண்ணீர் குடிக்கும் ஊரில் சின்னக் குழந்தைக்கு எந்தப் பேஸ்ட் என்று பல் மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

திட்டு ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டால், லேசானது என்றால் இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பல் வெளியே வந்து சில வருடங்களில் எச்சிலில் இருக்கும் தாது உப்பும் தேய்மானமும் சேர்ந்து லேசான வெள்ளை மங்கிப்போவது உண்டு. பிள்ளையின் மனசை அது வருத்துகிறது என்றால், மேற்பரப்பை மயிரிழை அளவுக்கு மெருகேற்றி எடுப்பதும், நுண்துளைகளுக்குள் ரெசின் என்னும் பிசின் போன்ற பொருளைப் புகவிட்டு வெள்ளையை மறைப்பதும் பல் மருத்துவர்கள் செய்கிறார்கள். ரெசின் துளையை அடைத்துக்கொள்வதால், ஈரத்தில் திட்டு மங்குகிறதே, அது நிரந்தரமாக மங்கிவிடுகிறது. ஏழெட்டு வயதில் பல்லை இழைத்து மேலே ஓடு ஒட்டும் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். அந்த வயதில் பல்லுக்குள் இருக்கும் நரம்புப் பகுதி பெரிது, ஈறும் தாடையும் இன்னும் வளர வேண்டியிருக்கிறது. வெளுக்க வைக்கும் மருந்தை வீட்டில் வாங்கிப் போடுவதும் வேண்டாம், நல்ல பல் வெளுத்தாலும் திட்டு அதைவிட வெள்ளையாகத் தெரிந்துகொண்டிருக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது மருத்துவத்தோடு நிற்பதில்லை. பெண் பார்க்க வரும் வீட்டில் "சிரிக்கச் சொல்லுங்க" என்று கேட்கிற வழக்கத்தை நானே அனுபவித்தவள். ஐந்தாம் வகுப்புக் குழுப் படத்தில் உதட்டை மூடிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன். அவர்களிடம் நான் என் பல்லைக் காட்டி, இது நான் குடித்த தண்ணீரால் வந்தது, நான் பண்ணிய தப்பால் வரவில்லை என்று சொல்கிறேன். வீட்டில் பெரியவர்களும் இதை ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொன்னால் பிள்ளைக்கு அது பெரிய தைரியம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கட்டாயம் போங்கள். நம் தெருக் குழாய்க்கு எந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது, அதில் போர் தண்ணீர் கலக்கிறார்களா, கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தார்கள், ஃப்ளோரைடு எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கலக்கத்தான் வேண்டும் என்றால் குடிநீருக்கு ஒரு குழாயும் மற்ற உபயோகத்துக்கு ஒரு குழாயும் தனித்தனியாகப் போட்டு, எது எதுவென்று பெயின்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் இந்த வருடம் அதைத்தான் கேட்கப் போகிறோம், சோதனைப் பெட்டி வைத்திருக்கும் அக்காவும் எங்களோடு வருகிறார்.